பி.எஸ்ஸி. கணிதம் சேரப் போகிறீர்களா? சேர்வதற்கு முன்பிருந்து டி.சி. வாங்கும் நாள் வரை

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எங்கள் தெருப் பிள்ளை யாராவது ஒருவர் மதிப்பெண் பட்டியலோடு வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். "அண்ணா, மேக்ஸ் மேஜர் எடுக்கலாமா? எடுத்தா டீச்சர் வேலைதானே கிடைக்கும்?" என்று கேட்பார். பின்னால் நிற்கும் அம்மாவின் கேள்வி வேறு: "இன்ஜினியரிங் சேர்க்காம இதுல சேர்த்தா பையன் பொழச்சுக்குவானா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். இதே கேள்விகளோடு நானும் நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று சொல்லித்தரக்கூட ஆள் கிடையாது. படித்து முடித்து, பல வருடம் மாணவர்களோடு பழகிய பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: கணிதம் எடுத்தவர்களில் பலர் பின்தங்குவது அறிவு போதாமல் இல்லை, தேதியைத் தவறவிட்டதால்தான். எந்த வாசல் எந்த மாதம் திறக்கிறது, எந்தத் துணைப்பாடம் எந்த வேலைக்குத் தேவை என்பது மூன்றாம் ஆண்டு முடியும்போதுதான் அவர்கள் காதுக்கு வருகிறது. அதனால் தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. கணிதம் படிக்கப் போகிறவர்களுக்காக, வருகிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை

பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் எடுத்திருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அந்த மார்க் மட்டும் போதாது. பள்ளியில் விடை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கல்லூரியில் அந்த விடை ஏன் சரி என்று நிறுவச் சொல்வார்கள். இந்த மாற்றம்தான் முதல் ஆண்டில் பலரைக் கவிழ்க்கிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். 3, 5/2, 7/3, 9/4, 11/5 என்று போகும் தொடர்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இது எதை நெருங்குகிறது? கொஞ்ச நேரம் பார்த்தால் 2 என்று சொல்லிவிடலாம். பள்ளியில் அதோடு முடிந்தது. கல்லூரியில் அடுத்த கேள்வி வரும்: "நெருங்குகிறது என்றால் என்ன அர்த்தம்?"

ஒவ்வொரு உறுப்பிலிருந்தும் 2-ஐக் கழித்துப் பாருங்கள். 1, 1/2, 1/3, 1/4, 1/5 என்று வரும். இப்போது எதிரே ஒருவர் உட்கார்ந்துகொண்டு உங்களிடம் சவால் விடுகிறார்: "வித்தியாசம் 0.01-ஐ விடக் குறைய வேண்டும்." நீங்கள் "101-வது உறுப்பிலிருந்து எல்லாமே அப்படித்தான்" என்கிறீர்கள். அவர் விடவில்லை. "0.0001-ஐ விடக் குறைய வேண்டும்." "10,001-வது உறுப்பிலிருந்து." அவர் எவ்வளவு சின்ன எண்ணைச் சொன்னாலும், அதைத் தலைகீழாக்கி, அதைவிடப் பெரிய ஒரு முழு எண்ணை நீங்கள் பதிலாகக் கொடுத்துவிடலாம். எந்தச் சவாலுக்கும் பதில் உண்டு என்று இப்படிக் காட்டிவிட்டால், எல்லை 2 என்பது நிறுவப்பட்டுவிட்டது. ரியல் அனாலிசிஸ் என்ற பாடத்தின் முதுகெலும்பே இந்தச் சவால்-பதில் ஆட்டம்தான்.

மேலே உள்ள பத்தியை இரண்டு முறை படியுங்கள். புரிந்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தால் தயங்காமல் சேருங்கள். முதல் தடவையே புரிய வேண்டும் என்று இல்லை, எனக்கும் புரியவில்லை. ஆனால் "இதையெல்லாம் எதுக்குப் போட்டு நோண்டணும், விடை 2-ன்னுதான் தெரியுதே" என்று எரிச்சல் வந்தால் யோசியுங்கள். உங்களுக்குப் பிடித்தது கணக்குப் போடுவது. அதற்கு புள்ளியியல், பி.காம்., கணினி அறிவியல் என்று வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன. இதில் குறைவு ஒன்றும் இல்லை.

எங்கே சேர்வது, எப்போது விண்ணப்பிப்பது

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையம் வழியாக ஒரே விண்ணப்பம்தான். பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில், மே மாதத்தில் தொடங்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம், ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடும் வாசல்கள்.

சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. சி.எம்.ஐ. என்பார்கள். கணித மேதை சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. ஹானர்ஸ் அங்கே உண்டு. மேதைகள் பலர் கைகாட்டும் இடம். நம் மாநிலத்திலேயே இருந்தும் நம் மாவட்டப் பள்ளிகளில் பாதிப் பேருக்கு அதன் பெயர் தெரியாது. எனக்கே பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில்தான் தெரிய வந்தது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அதேபோல, 1931-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐ.எஸ்.ஐ., பெங்களூரில் பி.மேத், கொல்கத்தாவில் பி.ஸ்டாட் நடத்துகிறது, சேர்ந்தவர்களுக்கு மாத உதவித்தொகையும் தருகிறது. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. விண்ணப்பம் மார்ச், ஏப்ரல் வாக்கிலேயே முடிந்துவிடும், தேர்வு மே மாதத்தில். அதாவது பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். பழைய வினாத்தாள்கள் அவர்களின் இணையதளத்திலேயே கிடைக்கும். திருப்பதி, திருவனந்தபுரம் போன்ற இடங்களில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு ஐ.ஏ.டி. என்ற தேர்வு தனி.

இவை கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் படித்து, பிறகு எம்.எஸ்ஸி.க்கு பெரிய இடம் போனவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்றைப் பாருங்கள்: கணிதத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்களா, நூலகத்துக்குள் மாணவர்களை விடுகிறார்களா, துணைப்பாடமாகப் புள்ளியியல் இருக்கிறதா. மூன்றாவது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் கல்லூரி அலுவலகம் மூலமாகவே பதிவு செய்யலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே கேளுங்கள், அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா? பல அரசுக் கல்லூரிகளில் இரண்டும் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர் என்றால், பட்டத்தையும் தமிழ் வழியிலேயே முடித்தால் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமைக்குத் தகுதி பெறுகிறீர்கள். பள்ளியிலிருந்தே தமிழ் வழி என்பது 2020 திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம். அரசுப் பணிதான் குறி என்றால் இது பெரிய விஷயம். ஆராய்ச்சி, ஐ.ஐ.டி. என்று கனவு இருந்தால் ஆங்கிலப் புத்தகம் படிக்கும் பழக்கம் எப்படியும் வேண்டும். ஆனால் அதைத் தமிழ் வழி மாணவரும் பழகிக்கொள்ளலாம். கணிதப் புத்தகத்தின் ஆங்கிலத்தில் மொத்தமே முந்நூறு நானூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தால் ஒரு செமஸ்டரில் பழகிவிடும்.

முதல் ஆண்டு: கையால் எழுதுங்கள்

முதல் ஆண்டில் இயற்கணிதம், திரிகோணமிதி, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், முப்பரிமாண வடிவியல் என்று பிளஸ் டூவின் தொடர்ச்சி மாதிரிதான் இருக்கும். அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டில் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் எல்லாம் ஒன்றாக வந்து உட்காரும். அப்போது பழகிக்கொள்ள நேரம் இருக்காது.

நான் தேற்றங்களை மனப்பாடம் செய்து எழுதியவன். கைடில் இருந்ததை வரி மாறாமல் எழுதுவேன். ரியல் அனாலிசிஸ் முதல் இன்டர்னலில் கேள்வியில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிக் கேட்டிருந்தார்கள். நான் பழைய நிரூபணத்தை அப்படியே எழுதிவைத்தேன். மார்க் சொல்லும்படியாக இல்லை. எங்கள் பேராசிரியர் விடைத்தாளைக் கொடுக்கும்போது திட்டவில்லை. "புத்தகத்தை மூடிட்டு எழுது. பேனா எங்க நிக்குதோ அங்கதான் உனக்குத் தெரியல. அந்த இடத்துல ஒரு கோடு போட்டு வை" என்றார். அன்றிலிருந்து என் ரஃப் நோட்டு முழுக்கக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில், அந்த இடத்தில் ஏன் நின்றேன் என்று ஒரு வரி. மூன்று மாதத்தில் கோடுகள் குறைந்தன. இன்றும் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது இந்தக் கோட்டைத்தான்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். வகுப்பில் ஒரு தேற்றம் நடந்த அன்று இரவே அதை ஒரு தடவை மூடிவைத்து எழுதுங்கள். பிறகு தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, இப்போதும் உண்மையா என்று பாருங்கள். பொய் என்றால் அதைக் காட்ட ஒரு எடுத்துக்காட்டு தேடுங்கள். எடுத்துக்காட்டு கிடைக்க இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. வாரத்தில் ஒருநாள் இரண்டு மூன்று நண்பர்களோடு காலி வகுப்பறையில் கரும்பலகையில் மாறி மாறி எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதும் நல்லதுதான்: கைச்செலவுக்கும் ஆச்சு, சொல்லிக்கொடுக்கவும் பழகியாச்சு. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் வீடியோ பார்ப்பது படிப்பது ஆகாது. நிறுத்தி நிறுத்தி எழுதினால்தான் பயன்.

இன்னொன்று. மேஜரில் மூழ்கி தமிழ், ஆங்கிலத் தாள்களை விட்டுவிடாதீர்கள். ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். அவ்வளவு பெரிய மனிதருக்கே விதி வளையவில்லை. ஒரு அரியர் நின்றுபோனால் எம்.எஸ்ஸி. சேர்க்கை, வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு என எல்லா இடத்திலும் மறிக்கும்.

சரி, துணைப்பாடத்துக்கு வருவோம். அலைடு என்று இயற்பியல், புள்ளியியல், கணினி அறிவியல் இவற்றில் ஒன்றோ இரண்டோ வைப்பார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் புள்ளியியலை விடாதீர்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் சி.ஜி.எல். என்ற பட்டதாரிகள் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி பதவிக்கு பிளஸ் டூ கணிதத்தில் 60 விழுக்காடோ, பட்டத்தில் புள்ளியியலோ இருக்க வேண்டும். டேட்டா வேலைகளிலும் முதலில் கேட்பது அதுதான். பதினேழு வயதில் யாரோ சொன்னார்கள் என்று எடுத்த ஒரு துணைப்பாடம், இருபத்து மூன்று வயதில் ஒரு வாசலைத் திறக்கும், அல்லது மூடும்.

இரண்டாம் ஆண்டு: வெளியே எட்டிப் பாருங்கள்

இந்த ஆண்டில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று எம்.டி.டி.எஸ். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கிய கோடைக்காலக் கணிதப் பயிற்சி. நான்கு வாரம். அங்கே விரிவுரையாகக் கொட்டமாட்டார்கள், கேள்வி கேட்டுக் கேட்டு உங்கள் வாயிலிருந்தே விடையை வரவழைப்பார்கள். போய் வந்த மாணவர்கள் திரும்பி வந்து வகுப்பில் உட்காரும் விதமே மாறியிருக்கும். விண்ணப்பத்துக்கு ஆசிரியரின் பரிந்துரை வேண்டும், ஆகவே முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இன்னொன்று, கேரளத்துக் கணித மேதை சங்கமக்கிராமத்து மாதவன் பெயரில் இளங்கலை மாணவர்களுக்கு நடக்கும் மாதவா கணிதப் போட்டி. பரிசு கிடைக்காவிட்டாலும் அதன் கேள்விகளோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினாலே போதும்.

கூடவே பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய கோர்ஸ் எதுவும் வேண்டாம். உங்கள் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பாடத்தில் கையால் போடும் நியூட்டன்-ராப்சன் கணக்கைப் பத்து வரி நிரலாக எழுதிப் பாருங்கள். கையால் நான்கு சுற்று போட அரை மணி நேரம் ஆன கணக்கை, கணினி கண் இமைக்குமுன் முடித்துக் காட்டும். அந்த நாளிலிருந்து நிரல் எழுதும் பயம் போய்விடும். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரியிலேயே நடக்கும் திறன் வகுப்புகளில் டேட்டா சார்ந்த ஒன்று கிடைத்தால் அதை எடுங்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முடிவே இல்லாமல் மூன்றாம் ஆண்டுக்குள் போகாதீர்கள்.

எந்தெந்தப் பக்கம் போகலாம்

ஆசிரியர் வேலை. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை என்றால் பி.எஸ்ஸி.யோடு இரண்டு ஆண்டு பி.எட்., அதோடு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி. அந்தத் தாளில் 150 கேள்விகள். அதில் 60 கணிதமும் அறிவியலும், மீதி தமிழ், ஆங்கிலம், குழந்தை வளர்ச்சி. டெட் தேறிய பிறகும் அரசுப் பள்ளி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும். கல்லூரிக்கு எம்.எஸ்ஸி.யில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சியோ பிஎச்.டி.யோ வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. அரசு நியமனத்துக்கு அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனியார் பள்ளிச் சம்பளம் பல இடங்களில் வயிற்றைக் கட்டித்தான் வாழவைக்கும். சொல்லிக்கொடுப்பதில் உண்மையாகவே ஆசை இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். ஆசை இருந்தால் இதைவிட நிறைவான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

மேற்படிப்பு. ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். இங்கேதான் ஒரு சிக்கல். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் லீனியர் அல்ஜீப்ரா கடைசி செமஸ்டரில்தான் வரும். ஜாமில் அது முக்கியமான பகுதி. அதாவது வகுப்பில் அந்தப் பாடத்தை முடிப்பதற்கு முன்பே தேர்வு வந்துவிடும். ஆகவே இரண்டாம் ஆண்டுக் கோடையிலேயே லீனியர் அல்ஜீப்ராவை நீங்களாகப் படித்து முடித்திருக்க வேண்டும். இதை மட்டும் யாராவது எங்கள் வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான்கைந்து பேராவது தேறியிருப்பார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட் முதுகலைத் தேர்வு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. பிஎச்.டி. வரை போக நினைத்தால் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பொதுமக்களுக்கான உரைகள் நடக்கும் நாளில் போவது நல்லது.

டேட்டா, ஐ.டி. கணிதப் பட்டத்தை மட்டும் நீட்டினால் இங்கே வேலை தரமாட்டார்கள். புள்ளியியல், பைத்தான், எஸ்.க்யூ.எல்., எக்செல் நான்கும் கையில் இருந்து, நீங்களே செய்த ஒரு சின்ன வேலையைக் காட்ட முடிந்தால் பேச்சு தொடங்கும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் மழை அளவை பத்து ஆண்டுக்கு எடுத்து, எந்த மாதம் எவ்வளவு மாறுகிறது என்று வரைபடத்தோடு விளக்கினாலே நேர்காணலில் அரை மணி நேரம் பேசலாம். எம்.சி.ஏ.வும் நல்ல வழி. அதற்கான நுழைவுத் தேர்வுகள்: அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட், என்.ஐ.டி.க்களுக்கு நிம்செட். பல இடங்களில் இரண்டே ஆண்டுப் படிப்பு. கணிதம் படித்தவர்கள் அல்காரிதம் பாடத்தில் மற்றவர்களைவிட வேகமாகப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டுக் கணிப்பாளர், அதாவது ஆக்சுவரி. நம் ஊரில் அதிகம் பேசப்படாத தொழில். ஒருவர் எத்தனை வயது வரை வாழ வாய்ப்பு, அதற்கு எவ்வளவு பிரீமியம் வாங்கினால் கம்பெனி நிற்கும் என்று கணக்கிடுபவர். இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வில் தேறி, பிறகு ஒவ்வொரு தாளாக எழுத வேண்டும். ஃபெலோ என்ற முழுத் தகுதி பெற பல வருடம் ஆகும், தேர்வுக் கட்டணமும் அதிகம். நிகழ்தகவு உங்களுக்கு மிகவும் பிடிக்கும் என்றால், வீட்டுச் சூழ்நிலையும் இடம் கொடுத்தால், யோசிக்கலாம்.

வங்கி, டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே. குரூப் 4, குரூப் 2 முதல்நிலை இரண்டிலுமே 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்குகள். அவை உங்களுக்குக் கைவந்தவை. ஆனால் மீதி 175 கேள்விக்குத் தமிழும் பொது அறிவும் படித்தே ஆக வேண்டும். வங்கித் தேர்வில் வேகம்தான் எல்லாம். தேற்றம் நிறுவும் மூளையும் நிமிடத்துக்கு இரண்டு கணக்குப் போடும் கையும் வேறு வேறு, இரண்டாவதைத் தனியாகப் பழக வேண்டும். குரூப் 4-க்கு பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும் என்பதால், கல்லூரியில் படிக்கும்போதே ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

கடைசி செமஸ்டர் முடிந்ததும்

ரிசல்ட் வந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். டி.சி., நடத்தைச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ் நான்கையும் வாங்கிச் சரிபாருங்கள். பெயரில் இன்ஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான பி.எஸ்.டி.எம். சான்றிதழைக் கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். பள்ளிகளிலிருந்தும் தனித்தனியாக வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ரஃப் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள், எம்.எஸ்ஸி. முதல் செமஸ்டரில் அந்தக் கோடு போட்ட இடங்களைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.